பத்து சென்டிமீட்டர் தாகம்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா காலையில் முதல் வேலையாகக் கயிறு விடுவார். நுனியில் ஒரு கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. கல் நீரைத் தொடும் ஓசை கேட்டதும் முடிச்சுகளை எண்ணிக்கொண்டே கயிற்றை மேலே இழுப்பார். எண்ணியதை யாரிடமும் சொல்ல மாட்டார். மோட்டார் அறைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். மழை பெய்த மறுநாளும் கோடு, வானம் பொய்த்த ஆண்டிலும் கோடு. எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சு வெச்சிருக்கணும்ல" என்றார். அதற்குமேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

நஞ்சேறிய நிலத்தைச் சுத்தம் செய்வதற்காக நடப்பட்ட மரங்களைப் பற்றிய அறிக்கைகளைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அந்த இடங்கள் எதற்கும் நான் போனதில்லை. பக்கம் பக்கமாக எண்கள்தாம்: கிணற்று மட்டம், சாறு ஓடிய வேகம், அடிமரச் சுற்றளவு, இலையில் கிடைத்த வேதிப்பொருளின் அளவு. படிக்கும்போதெல்லாம் அந்த மோட்டார் அறைச் சுவர் கண்முன் வருகிறது.

மேரிலாந்து மாநிலத்தில் செசபீக் விரிகுடாவுக்குள் நீண்டு கிடக்கிறது ஒரு நிலநாக்கு. அதன் பெயர் கன்பவுடர் நெக், வெடிமருந்துக் கழுத்து. அதன் தென்முனையில் அபர்டீன் படைக்கலச் சோதனைக் களத்துக்குச் சொந்தமான ஜே-ஃபீல்ட் என்ற பகுதி இருக்கிறது. 1940களிலிருந்து 1970கள் வரை அமெரிக்க ராணுவம் வேதிப் போர்ப்பொருள்களையும் வெடிபொருள்களையும் கரைப்பான்களையும் அங்கே திறந்த குழிகளில் கொட்டி எரித்தது. எரிந்தது புகையாகப் போயிற்று. எரியாதது மண்ணுக்குள் இறங்கியது. டெட்ராகுளோரோஈத்தேன், டிரைக்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்து நகரத் தொடங்கின.

டிரைக்குளோரோஎத்திலீன் இருபதாம் நூற்றாண்டின் தொழிற்கூடங்களில் எல்லாரும் தொட்ட பொருள். உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் நீக்கும். உலர்சலவையிலும் ஒரு காலத்தில் இருந்தது. லேசான இனிப்பு வாசனை. தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம் என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவரும். குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கச் சட்டம். மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அதை வகைப்படுத்தியது.

இப்படிப்பட்ட நீரை வழக்கமாகக் குழாய் இறக்கி இறைத்துச் சுத்திகரிப்பார்கள். ஜே-ஃபீல்டில் துளையிடுவதே ஆபத்து, மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடந்தன. களிப்பான மண் நீரை எளிதில் விடுவதாகவும் இல்லை. ஆகவே 1996 வசந்தத்தில் சுமார் ஓர் ஏக்கரில் 183 கலப்பின பாப்ளர் மரங்களை நட்டார்கள். பாப்ளர் வேகமாக வளரும். வேரை நீர்மட்டம் வரை இறக்கி அந்த நீரையே நேராகக் குடிக்கும். கரைப்பான் கலந்த நீரைக் குடித்தால் கரைப்பானும் கூடவே ஏறும். அதில் ஒரு பகுதி மரத்துக்குள்ளேயே சிதைகிறது என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லீ நியூமன், ஸ்டூவர்ட் ஸ்ட்ராண்ட், மில்டன் கார்டன் உள்ளிட்டோர் 1997இல் காட்டினார்கள். ஒரு பகுதி இலைத்துளை வழியே காற்றில் போகிறது. ஒரு பகுதியை வேரைச் சுற்றிய நுண்ணுயிர்கள் உடைக்கின்றன.

ஜே-ஃபீல்ட் பற்றிப் படித்ததில் ஒரு சின்ன விவரம் என்னை நெடுநாள் விடவில்லை. மழைநீர் சீக்கிரம் வடிந்தோட அங்கே மேற்பரப்பில் வடிகால் அமைத்தார்கள். மழையைக் குடித்துப் பழகினால் மரம் ஆழத்து நீரைத் தேடாது. இல்லினாய் மாநிலத்து ஆர்கான் ஆய்வகத்தினர் 1999இல் சுமார் 800 பாப்ளர்களையும் வில்லோக்களையும் நட்டபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாப்ளர்களை உறையிட்ட ஆழ்துளைக் குழிகளுக்குள் வைத்தார்கள். பக்கவாட்டு மண்ணும் மேல்மண்ணின் ஈரமும் வேருக்குக் கிட்டாது. கீழே போவதைத் தவிர வேறு வழியில்லை.

மழையை மறைத்துவிட்டு நஞ்சைக் காட்டுகிறோம். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கன்று நட்டால் முதல் செம்புத் தண்ணீரைக் குழந்தை கையால் ஊற்றவைக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். மரத்துக்குத் தாகம் வரவேண்டும் என்று திட்டமிடுவது என்னால் எளிதில் விழுங்க முடியாத செய்தி. ஆனாலும் அதைத் தவறென்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த நீர் விரிகுடாவின் சதுப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. யாராவது இடைமறித்தாக வேண்டும். ஒரு மரத்தை அந்த வேலைக்கு நிறுத்துகிறவர்கள் அதற்கு ஏதோ கடன்பட்டுவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். குறைந்தபட்சக் கடன், அது என்ன செய்கிறது, அதற்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

'கண்காணிப்பு' என்று தமிழில் சொல்லும்போது எனக்குச் சிறு தயக்கம் வரும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் நம்மவர் முதுகின் மேல் நின்ற கண்காணியின் நிழல் அந்தச் சொல்லில் விழுந்திருக்கிறது. ஆங்கிலமே அந்தப் பெயரை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. வேலை வாங்குகிறவனின் கண் அது, குனிந்த முதுகு நிமிர்கிறதா என்று பார்க்கிற கண். மரத்தோப்பில் எண்கள் குறிக்கிறவரின் கண் அதுவாகவும் ஆகிவிடக்கூடும்: இன்று எத்தனை லிட்டர், நேற்றைவிடக் குறைவா என்று. காணி என்றால் நிலம் என்றும் பொருள் உண்டு. கண்காணியின் வேர் அதுவல்ல என்று தெரியும். ஆனாலும் காணியின்மேல் கண் என்று அந்தச் சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. நிலத்துக்காகப் பார்க்கிற கண்.

எப்படிப் பார்க்கிறார்கள்? நட்ட மரம் உயரமாக, பச்சையாக நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. பச்சையாக நிற்கும் மரம் மழைநீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்கலாம். செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகுகிறார்கள். பிரான்சில் அந்த்ரே கிரனியே 1985இல் விவரித்த முறை இது. மேல் ஊசியைச் சூடேற்றுவார்கள். சாறு ஓடாத நள்ளிரவில் சூடு அங்கேயே நிற்கும், இரண்டு ஊசிகளுக்கும் வெப்ப வேறுபாடு அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கியதும் ஓடும் சாறு சூட்டை அள்ளிக்கொண்டு போகும், வேறுபாடு குறையும். குறைவதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். நாள் முழுக்க அந்தக் கோட்டை வரைந்து பார்த்தால் ஒரு சிறு குன்று போல் இருக்கும். மேகம் ஒன்று கடந்தால் குன்றில் ஒரு பள்ளம் விழும்.

மரம் குடிப்பதை மண்ணுக்குள்ளிருந்தும் பார்க்க முடியும். யூட்டா மாநிலத்து எஸ்கலான்டே பள்ளத்தாக்கில் வால்டர் ஒயிட் என்ற நிலநீரியலாளர் காட்டுச் செடிகளும் குதிரைமசாலும் வளர்ந்த நிலங்களில் கிணறுகளை இரவும் பகலும் அளந்தார். நீர்மட்டம் பகலில் இறங்கியது, இரவில் ஏறியது. மறுநாள் மீண்டும் இறங்கியது. செடிகள் குடிக்கும் அளவை அந்த ஏற்றஇறக்கத்திலிருந்தே கணிக்கலாம் என்று 1932இல் எழுதினார். நஞ்சு நிலத்துத் தோப்புகளிலும் இன்று மெல்லிய நோட்டக் கிணறுகளுக்குள் அழுத்தமானிகள் அந்த ஏற்றஇறக்கத்தைப் பதிகின்றன. அப்பா காலையில் மட்டும் கயிறு விட்டார். மாலையிலும் விட்டிருந்தால், கிணற்றோரம் நின்ற புங்கமரம் அன்று குடித்தது ஒரு விரற்கடையாகத் தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. கிணறு பெரிது, தெரிந்திருக்காது. ஆனாலும் தோன்றுகிறது.

டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரின் விமானப்படைத் தளத்தை ஒட்டி ஒரு கோல்ஃப் மைதானம். அருகில் இருந்த விமானத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த டிரைக்குளோரோஎத்திலீன் அதன் அடியில் நகர்ந்துகொண்டிருந்தது. 1996 ஏப்ரலில் அங்கே சுமார் 660 காட்டன்வுட் மரங்களை நட்டார்கள். பாப்ளரின் இனம்தான், அந்த மண்ணுக்கே உரியது. நீர்மட்டம் 4 மீட்டருக்குள் இருந்ததால் வேர் எட்டிவிடும் என்று கணக்கு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையும் வனத்துறையும் மூன்று வளர்பருவங்கள் விடாமல் அளந்தன. மூன்றாம் பருவத்தின் உச்சத்தில், தோப்பின் நடுவே நீர்மட்டம் இறங்கியது சுமார் 10 சென்டிமீட்டர். தோப்பைக் கடந்து வெளியேறிய நஞ்சு குறைந்தது சுமார் 11 விழுக்காடு.

பத்து சென்டிமீட்டர் என்றால் கைவிரலை நீட்டி வைத்த நீளம்தான். முதல்முறை படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. 660 மரங்கள், மூன்று ஆண்டுகள், இவ்வளவுதானா? பிறகு அந்த எண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அளக்காமல் இருந்திருந்தால் அந்தத் தோப்பு நஞ்சைக் குடித்துத் தீர்க்கிறது என்று எவரும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மரங்கள் செழித்து நின்றன, மறுக்க யாராலும் முடிந்திருக்காது. அளந்தவர்கள் பதினொன்று என்றார்கள். தொண்ணூறு என்று சொல்லத் தூண்டும் உலகில் பதினொன்று என்று எழுதுவதற்கு மனம் வேண்டும். மரங்கள் இன்னும் சிறியவை, தலைகள் ஒன்றோடொன்று கூடவில்லை, போகப்போக அதிகம் குடிக்கும் என்பதையும் அவர்களே சேர்த்து எழுதினார்கள். மரம் செய்ததற்குமேல் ஒன்றும் அதன் பெயரில் ஏற்றப்படவில்லை.

நம் ஊர்களில் கன்று நடும் நாள்களை நினைத்துக்கொள்கிறேன். நட்டவர் பெயர், நட்ட எண்ணிக்கை, பலகை, படம். எங்கள் தெருவில் ஒருமுறை நாற்பது கன்றுகள் நட்டார்கள். மூன்று உயிரோடு இருக்கின்றன. அதில் ஒன்றின் இரும்புக்கூண்டைக் கழற்ற யாரும் வராததால் பட்டை கம்பியை விழுங்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நட்டவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நடுவதற்கு ஒரு நாள் போதும், பார்ப்பதற்கு அடுத்தடுத்த எல்லா நாள்களும் வேண்டும். அந்த நாள்களுக்கு ஆளும் பணமும் ஒதுக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை என்பதுதான் என் துக்கம். அமெரிக்காவில் 1980இல் வந்து 1986இல் திருத்தப்பட்ட சூப்பர்ஃபண்ட் சட்டம், நஞ்சு மிச்சமிருக்கும் இடத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தாக வேண்டும் என்கிறது. பார்க்கும் கடமையையே சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

பார்த்தால் மட்டும் போதாது, எதைப் பார்ப்பது என்றும் தெரிய வேண்டும். ஃபோர்ட் வொர்த் மைதானத்தில் சுமார் 20 வயதான காட்டன்வுட் ஒன்று ஏற்கெனவே நின்றிருந்தது. நஞ்சைக் குடிக்கட்டும் என்று யாரும் அதை நடவில்லை. ஆய்வாளர்கள் அதனடியில் இருந்த நீரை எடுத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் குறைந்திருந்தது, டிரைக்குளோரோஎத்திலீனும் குறைந்திருந்தது. வேரிலிருந்து உதிர்ந்து மட்கியதைத் தின்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, கரைப்பானிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தன. புதிதாக நட்டவை கண்ணுக்குத் தெரிய நீரை உறிஞ்ச, இந்தக் கிழமரம் இருட்டில் வேறொரு வேலை செய்திருக்கிறது.

மகிழ்ந்துவிடலாம்தான். ஆனால் மூன்று குளோரினில் ஒன்று கழன்றால் டைகுளோரோஎத்திலீன், இன்னொன்றும் கழன்றால் வினைல் குளோரைடு. அதுவும் புற்றுநோய் தருவது, முதலில் இருந்ததைவிடக் கொடியது என்றே அஞ்சப்படுகிறது. கடைசிக் குளோரினும் கழன்றால்தான் எத்திலீன், தீங்கற்றது. டிரைக்குளோரோஎத்திலீன் குறைந்துவிட்டது என்ற ஒற்றை எண்ணோடு வீட்டுக்குப் போகிறவர், நடுவழியில் நின்றுபோன மாற்றத்தைக் காணாமல் விட்டுவிடுவார். காய்ச்சல் விட்டதென்று மருத்துவர் கிளம்பிப்போக, நோய் மாறியது தெரியாமல் கிடக்கும் நோயாளியைப் போல நிலம் கிடக்கும்.

விழுங்கிய நஞ்சு எங்கே போனது என்ற கேள்வி இந்தத் துறையைத் தொடக்கத்திலிருந்தே துரத்துகிறது. துரத்தத்தான் வேண்டும். நீலகண்டனை இங்கே அழைத்துவர எழுதுகிறவனுக்குக் கை துறுதுறுக்கும். அழைக்கப் போவதில்லை. மரத்துக்கு நஞ்சை நிறுத்திவைக்கத் தொண்டை இல்லை. வேரில் ஏறியது இலைவரை போகும். நியூமனும் அவர் குழுவும் அடியில் கசிவில்லாமல் அடைத்த தொட்டிகளில் பாப்ளர்களை வளர்த்து, டிரைக்குளோரோஎத்திலீன் கலந்த நீரை விட்டு, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கணக்கெடுத்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், விட்டதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் நீரிலிருந்து அகன்றிருந்தது. இலை வழியே காற்றில் போனது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

உலோகங்களின் கதை வேறு. காட்மியமும் துத்தநாகமும் எந்த மரத்துக்குள் போனாலும் காட்மியமும் துத்தநாகமும்தான். வில்லோ அவற்றை இலைக்கு ஏற்றும், இலையுதிர்காலத்தில் இலை மண்ணில் விழும், பாதி வேலை வீண். அறுவடை செய்து அகற்றாவிட்டால் மரம் நஞ்சைக் கீழிருந்து மேலுக்குக் கொண்டுவந்து பரப்பியதாகிவிடும். பசிபிக்கின் நியூ கலிடோனியாத் தீவில் ஒரு காட்டு மரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். காய்ந்த பாலில் கால்பங்கு நிக்கல் என்று 1976இல் ஜாஃப்ரே குழுவினர் எழுதினார்கள். மண்ணில் இருப்பதை மரம் எப்படித் தன் உடலாக்கிக்கொள்கிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான காட்சி வேறில்லை. பெரும்பாலான மரங்கள் அப்படி நிறம் காட்டாது.

கலிஃபோர்னியாவின் மொஃபெட் ஃபீல்டை ஒட்டிய நிலத்தில், சில்லுத் தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற கரைப்பான்களின் மேல், ஷாரன் டாட்டியும் உடன் உழைத்தவர்களும் 2013இல் பாப்ளர்களை நட்டார்கள். ஒரு பகுதிக் கன்றுகளின் உடலுக்குள், டிரைக்குளோரோஎத்திலீனை உடைக்கவல்ல ஒரு பாக்டீரியாவைக் குடியேற்றியிருந்தார்கள். அது பாப்ளருக்குள்ளேயே இயல்பாக வாழ்ந்ததுதான். 2017இல் வெளியான முடிவில், குடியேற்றப்பட்ட மரங்களின் அடிமரம் மற்றவற்றைவிட 32 விழுக்காடு பருத்திருந்தது. வேர்மண்ணில் குளோரைடு பாதி அளவுக்கு மேலும் கூடியிருந்தது. இந்தக் குளோரைடுதான் எனக்கு முக்கியம். நஞ்சு ஓர் இடத்திலிருந்து மறைந்தது என்பது வேறு, உடைந்தது என்பது வேறு. உடைந்தால் கழன்ற குளோரின் எங்காவது இருந்தாக வேண்டும். மண்ணில் அது குளோரைடாக, நம் சமையலுப்பில் இருக்கும் அதே பாதியாக வந்து நிற்கிறது. மரத்தின் வேலைக்குச் சாட்சி உப்பு.

குளிர்காலத்தில் இந்தத் தோப்புகள் எல்லாம் இலை கொட்டிவிட்டு நிற்கும். ஊசிகள் சூடேறும், சாறு ஓடாது, திரையில் கோடு தட்டையாகக் கிடக்கும். நஞ்சு நீர் அப்போதும் நகரும். மரம் தூங்குகிற மாதங்களில் நழுவுவது எவ்வளவு, வசந்தத்தில் திரும்பப் பிடிப்பது எவ்வளவு என்பது அந்தத் தட்டைக் கோடுகளும் இருந்தால்தான் தெரியும். ஒன்றும் நடக்காத நாளுக்காக ஒருவர் உறைபனியில் காலணி நனைய நடந்துபோய்க் கிணற்று மூடியைத் திறந்து அளவைக் குறித்துவிட்டு வருகிறார். வானம் பொய்த்த ஆண்டில் சுவரில் கோடு போட்ட கையும் அதே சாதிதான்.

இந்த வேலையில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது தண்டுத் துளை. தென் கரோலினாவின் சவானா ஆற்றங்கரைத் தளத்தில், டான் வ்ரோப்லெஸ்கியும் உடனிருந்தவர்களும் சதுப்பில் நின்ற சைப்ரஸ் முதலிய மரங்களின் தண்டைத் துளைத்து, அதனுள்ளேயே கரைப்பான் இருப்பதை 1999இல் எழுதினார்கள். மிசூரி ஆற்றங்கரையில் நியூ ஹேவன் என்ற சிற்றூரில் தெருவோர மரங்களையும் தோட்டத்து மரங்களையும் இப்படித் துளைத்துத்தான், பழைய கரைப்பான் கசிவு எங்கெங்கே கிடக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். நிழலுக்காக யாரோ என்றோ வைத்த மரங்கள், அடியில் இருப்பதைத் தம் வளையங்களில் வைத்திருந்தன. தண்டின் ஒரு பக்கத்தில் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருந்தால், நஞ்சு எந்தத் திசையில் கிடக்கிறது என்றுகூட ஊகிக்கலாம்.

கருவி எளியது: உள்ளே துளையுள்ள ஒரு திருகு. நெஞ்சுயரத்தில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, மெல்லச் சுற்றுவார்கள். பென்சில் கனத்தில் ஈரமான ஒரு மரக்குச்சி வெளிவரும். தாமதித்தால் கரைப்பான் காற்றில் போய்விடும், ஆகவே சில நொடிகளுக்குள் அதைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிவிட வேண்டும். மரத்தின் எண், நாள், நேரம் குறித்து ஒட்டுவார்கள். குப்பிக்குள் குச்சியிலிருந்து ஆவி மெல்ல வெளிவந்து நிறையும், பிறகு அந்தக் காற்றை அளப்பார்கள்.

துளையில் கொஞ்ச நேரம் சாறு கசியும். மரம் அதைத் தானே மூடிக்கொள்ளும், பட்டையில் ஒரு காசளவு தழும்பு எழும்பும். அடுத்த ஆண்டு வருகிறவர் முதலில் கையால் பட்டையைத் தடவி அந்தத் தழும்பைத் தேடுவார். கண்டதும், அதற்குச் சற்றுத் தள்ளித் திருகை வைப்பார்.